சம்பந்திகள் நடந்த இருபது நாள்

சம்பந்தி வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டு எழுந்தாலே டெய்லரம்மாவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். எந்த வார்த்தை எங்கே போய்க் குத்துமோ என்று சாப்பிட்டு முடிக்கும்வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பாள். அப்படிப்பட்டவள் அதே சம்பந்தியம்மாவோடு மலைக்கோயிலுக்கு இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் நடந்து போகப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும், தையல் கடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல ஒரு பெண் குழந்தை. இருபத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயும் வயருமாகக் கிடந்தது. பிள்ளை பிழைத்தால் மலைக்கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று டெய்லரம்மா மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. பிள்ளை பிழைத்து, தவழ்ந்து, நடந்து, இப்போது டிவி ரிமோட்டைத் தண்ணீர் வாளியில் போட்டு மூழ்கடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டது. இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று மகளிடம் பேச்சை எடுத்தாள். மகள் சிரித்துவிட்டாள்.

"அத்தையும் போன வாரம் இதையேதான் சொன்னாங்க. அவங்களும் அப்பவே வேண்டிக்கிட்டாங்களாம். ரெண்டு பேரும் சேர்ந்தே போயிட்டு வாங்கம்மா. தனித்தனியா போனீங்கன்னா எனக்குக் கவலை ரெண்டு மடங்கு."

மாட்டேன் என்று சொல்ல டெய்லரம்மாவிடம் காரணம் இருந்தது. அதை மகளிடம் சொல்லத்தான் முடியாது.

சம்பந்தியம்மா முப்பத்தொரு வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அவள் கண்டக்டரம்மாதான். பின் சீட்டில் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரிப் பேசிப் பழகிய தொண்டை அது. பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடமும் அதே சத்தத்தில்தான் பேசும். குழந்தை பிறந்த அன்று மகள் படுத்திருந்த அறைக்கு வெளியே, ஆஸ்பத்திரி வராந்தாவில், டெய்லரம்மா சுவரில் சாய்ந்து நின்றபோது, அந்தத் தொண்டை அதிசயமாகத் தணிந்து ஒன்று சொன்னது. "உங்க பொண்ணு வயித்தைத் தள்ளிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாளே, அதோட வினைதான் இது."

டெய்லரம்மா பதில் பேசவில்லை. இயல்பிலேயே அவள் சட்டென்று வாயைத் திறக்கிறவள் இல்லை. வீட்டுக்குப் போனபிறகு நூறு பதில் தோன்றியது. ஒன்றையும் சொல்ல முடியாமல் மூன்று வருடம் அந்த வார்த்தை உள்ளே முள்ளாக ஏறிக் கிடந்தது. மகளிடமும் சொல்லவில்லை. அவள் வாழ்கிற வீடாயிற்றே.

நடை தொடங்கிய முதல் மூன்று நாளும் மரியாதையிலேயே பாதி நேரம் போனது. ஒற்றையடிப் பாதை வந்தால், "நீங்க முன்னாடி போங்க சம்பந்தி" என்பாள் ஒருத்தி. "பரவாயில்ல, நீங்க போங்க" என்பாள் மற்றவள். பின்னால் வருகிறவர்கள் வழி கேட்டு இருமுவார்கள். தங்குமிடத்தில் ஜன்னலோரக் கட்டில் யாருக்கு என்று ஒரு பேச்சு, குழாயில் முதலில் யார் முகம் கழுவுவது என்று இன்னொரு பேச்சு. கண்டக்டரம்மா காலை அகட்டி வைத்து, ஓடுகிற பஸ்ஸில் நிற்பதைப் போலவே நடந்தாள். அறுபத்தோரு வயதுக்கு அது பேய் நடை. அவளைவிட ஏழு வயது இளையவளான டெய்லரம்மா, மிஷின் முன்னால் உட்கார்ந்தே முப்பது வருடம் கழித்தவள். மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்ளாமல் பின்னால் போனாள்.

நாலாம் நாள் மத்தியானம் ஒரு சரிவில் இறங்கும்போது சரளைக்கல் புரண்டது. வலது பாதம் உள்பக்கமாக மடங்கி, உடம்பின் பாரமெல்லாம் கணுக்கால் மேல் இறங்கியது. கண்ணுக்குள் பொறி பறந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த கண்டக்டரம்மா திரும்பி என்ன என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது என்று சொல்லிக் குனிந்துகொண்டாள். குனிந்த இடத்தில் கண்ணீர் இரண்டு சொட்டு மண்ணில் விழுந்தது.

கூட வந்தது வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, ஐயோ அம்மா என்று அழுதிருப்பாள். சம்பந்தியாகப் போனதுதான் சங்கடம். அம்மாவுக்கே நாலு நாள் நடக்க உடம்பில் தெம்பில்லை, பொண்ணுக்கு எங்கிருந்து வரும் என்று ஒரு பேச்சு கிளம்பிவிடும். கிளம்பாமலும் போகலாம். ஆனால் கிளம்பும் என்று டெய்லரம்மா முடிவே கட்டிவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

அன்று தங்குமிடத்துக் குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு பார்த்தபோது, கணுக்காலின் வெளிப்பக்கம் பன் மாதிரி உப்பியிருந்தது. துண்டை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தாள். கை பழக்கம், கிழித்த விளிம்பை மடித்துவிடத் தோன்றியது. அதற்கெல்லாம் நேரமில்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு இறுக்கிக் கட்டினாள். வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, சாக்ஸை மேலே இழுத்துவிட்டுச் சிரித்த முகமாக வெளியே வந்தாள்.

அடுத்த இரண்டு நாள் அவள் பட்ட பாடு அந்தப் பாதைக்கே வெளிச்சம். கால் தாங்க மாட்டேன் என்று சொல்லும்போதெல்லாம் நின்று போனை எடுத்து வழியோரப் பூவைப் படம் பிடித்தாள். மஞ்சள் பூ, ஊதாப் பூ, பூக்கவே பூக்காத செடி, எதையும் விடவில்லை. கண்டக்டரம்மா நின்று நின்று அழைத்துப் போனாள். உங்களுக்குப் பூவென்றால் அவ்வளவு ஆசையா என்று ஒருமுறை கேட்டாள். ஆமாம், சின்ன வயசிலிருந்தே என்று டெய்லரம்மா கூசாமல் சொன்னாள்.

ஆறாம் நாள் மாலை அவர்கள் போய்ச் சேர்ந்த தங்குமிடம் ஒரு பழைய பள்ளிக்கூடம். வகுப்பறைகளில் பெஞ்சுகளை எடுத்துவிட்டுக் கட்டில் போட்டிருந்தார்கள். கரும்பலகை மட்டும் அப்படியே இருந்தது. அதில் யாரோ பெரிய எழுத்தில், "ஈரத் துணியை ஜன்னலில் போடாதீர்கள்" என்று எழுதிவைத்திருந்தார்கள். வாசலில் எட்டுப் படி. டெய்லரம்மா ஏறினாள். பையை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்க இறங்கினாள். கீழே நின்றிருந்த கண்டக்டரம்மா கையை நீட்டி மறித்தாள்.

"நில்லுங்க. வலது காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லயே."

"ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் இடது காலையே முதல்ல வைக்கிறீங்க. இறங்கும்போது வலது காலையே வைக்கிறீங்க. முப்பத்தொரு வருஷம் படியில ஏறி இறங்குற காலைத்தான் சம்பந்தி நான் பார்த்துக்கிட்டு இருந்தேன். உட்காருங்க."

உட்காராமல் இருக்க முடியாத குரல் அது. டெய்லரம்மா படியில் உட்கார்ந்தாள். கண்டக்டரம்மா அவள் முன்னால் மண்டியிட்டு ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தாள். டெய்லரம்மா பதறிப்போனாள். மாப்பிள்ளையைப் பெற்றவள், வயதிலும் மூத்தவள்.

"ஐயோ, காலைத் தொடாதீங்க சம்பந்தி."

"தொடாம ஜோசியமா பார்க்கிறது?"

சாக்ஸையும் கிழிந்த துண்டையும் விலக்கிப் பார்த்த கண்டக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. வீக்கம் விரல்வரை இறங்கி, குதிகாலைச் சுற்றி ஊதாவும் பச்சையுமாக ரத்தம் கட்டியிருந்தது. இன்றைக்குத்தான் பட்டது என்று டெய்லரம்மா இழுத்தாள். இன்றைக்குப் பட்டது பச்சையாக இருக்காது என்று சொல்லிவிட்டு, கண்டக்டரம்மா கொஞ்ச நேரம் அந்தப் பாதத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம், "அப்போ அந்தப் பூவெல்லாம்?" என்றாள்.

டெய்லரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் நடைபயணிகளுக்காக ஒரு முதலுதவி அறை இருந்தது. அங்கிருந்த டாக்டர் எலும்பின் பின்புறத்தை அழுத்திப் பார்த்தார், நாலு அடி நடக்கச் சொல்லிப் பார்த்தார். எலும்பு தப்பித்தது, ஜவ்வுதான் கிழிந்திருக்கிறது என்றார். விரலிலிருந்து மேலாகப் பட்டைத் துணி சுற்றிவிட்டு, வீட்டுக்குப் போய்விடுவதுதான் நல்லது, முடியாது என்றால் மூன்று நாள் காலைத் தூக்கிவைத்து ஐஸ் வைக்க வேண்டும், அதன்பிறகும் கோலூன்றி நாளைக்கு எட்டு, பத்து கிலோமீட்டருக்கு மேல் கூடாது, வலி ஏறினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்றார்.

டெய்லரம்மா அறைக்கு வந்ததும், நீங்கள் நடந்து போய் வாருங்கள், நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறேன், என் வேண்டுதலையும் சேர்த்து நீங்களே செலுத்திவிடுங்கள் என்று நியாயமாகத்தான் பேசினாள். கண்டக்டரம்மா காதில் வாங்கவே இல்லை. இரண்டு தலையணையையும் தன்னுடைய பையையும் அடுக்கி அதன்மேல் அவள் காலைத் தூக்கிவைத்தாள். தெருமுனை டீக்கடைக்குப் போய், குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லித் தண்ணீர் பாட்டில் இரண்டைக் கொடுத்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் காலையில் கட்டிலில் கிடந்த டெய்லரம்மா, பக்கத்துக் கட்டில்காரியின் பை வார் அறுந்து தொங்குவதைப் பார்த்தாள். சும்மா கிடக்கிற கை அரித்தது. ஊசி நூல் அவளிடம் எப்போதும் இருக்கும். வாங்கி இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். அவள் போய் இன்னொருத்தரிடம் சொல்ல, அவர் கிழிந்த மழைக்கோட்டைக் கொண்டுவர, பதினோரு மணிக்குள் வகுப்பறை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கண்டக்டரம்மாவுக்கு இது போதாதா? "வரிசையா வாங்க. உள்ள நாலு பேருக்கு மேல நிக்காதீங்க. முடிஞ்சவங்க முன் வாசல் வழியா இறங்குங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். வரிசையில் நின்ற ஒருவர் தன்னையறியாமல் சட்டைப்பையில் சில்லறை தேடினார். டெய்லரம்மா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். வலி வந்த பிறகு அவள் உண்மையாகச் சிரித்தது அப்போதுதான்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் அறையில் யாரும் இல்லை. முந்தின இரவு தங்கியவர்கள் கிளம்பிவிட்டார்கள், அடுத்த கூட்டம் வந்து சேர நேரம் இருந்தது. கண்டக்டரம்மா கட்டிலோரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாக ஒரு மூடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளை நாரைக்கூட விடாமல் எடுத்தாள். எல்லாவற்றையும் எடுத்து முடித்தபிறகு சொன்னாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் ஒரு வார்த்தை சொன்னேன்."

டெய்லரம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எந்த வார்த்தை என்று கேட்கவில்லை. கேட்பது பொய்யாகிவிடும்.

"உங்க பொண்ணுகிட்ட அதைச் சொல்லிட்டீங்களா, இல்லையான்னு மூணு வருஷமா எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் அவ முகத்தைப் பார்ப்பேன். தெரிஞ்ச மாதிரியும் இருக்கும், தெரியாத மாதிரியும் இருக்கும்."

"சொல்லல."

கண்டக்டரம்மா மூடியை இருவருக்கும் நடுவில் வைத்தாள். பிறகு மெதுவாக, அந்தத் தொண்டைக்குப் பழக்கமே இல்லாத சின்னக் குரலில், ஒரு பழைய கதையைச் சொன்னாள். அவளுடைய மகனுக்கு முன்னால் இன்னொரு பிள்ளை வயிற்றில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். விடுப்புக் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் எட்டாம் மாதம்வரை பஸ்ஸில் நின்றாள். பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த மாமியார் கட்டில் பக்கத்தில் நின்று சொன்ன முதல் பேச்சே, வயிற்றைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போனாயே, அதோட வினை இது என்பதுதான்.

"அந்த வார்த்தையை முப்பத்திரெண்டு வருஷம் வச்சிருந்தேன் சம்பந்தி. யார் மேலயும் வீசக்கூடாதுன்னு வச்சிருந்தேன். பெட்டிக்குள்ள அந்தப் பிள்ளை கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆச்சோ, அது அப்படியே வாயில வந்துருச்சு. குழந்தை பிழைக்கணும்னு எல்லாரும்தான் வேண்டிக்கிட்டோம். நான் நடந்து வர்றேன்னு வேண்டிக்கிட்டது அந்த வார்த்தைக்கு."

டெய்லரம்மா மூன்று வருடமாக யோசித்துவைத்த நூறு பதிலில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தின அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த சின்னப் பெண்தான் கண்முன்னால் வந்து நின்றாள். பால் கட்டி, மார்பு வலித்து, பக்கத்தில் பிள்ளை இல்லாமல் கிடந்திருப்பாள். கையை எட்டி மூடியிலிருந்து ஒரு சுளையை எடுத்துக் கண்டக்டரம்மாவின் வாயருகே நீட்டினாள்.

"முதல்ல இதைச் சாப்பிடுங்க. காலையிலேருந்து எனக்கு ஐஸ் வைக்கிறேன்னு நீங்க பச்சைத் தண்ணிகூட குடிக்கல."

கண்டக்டரம்மா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். மென்றுகொண்டே அழுதாள். டெய்லரம்மாவும் அழுதாள். மன்னிப்பு என்ற பேச்சு இரண்டு பேர் வாயிலிருந்தும் வரவில்லை. ஆனால் கோபம் முழுவதும் அன்றே போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. சாயங்காலம், ஐஸ் பாட்டிலை மாற்றிவைக்கும்போது டெய்லரம்மா திடீரென்று, "என் பொண்ணு வேலையை விடாததாலதான் உங்க பையன் தைரியமா சொந்தத் தொழில் ஆரம்பிச்சாரு, அதையும் சொல்லிடறேன்" என்றாள். மூன்று வருடம் கழித்து வந்த பதில். கண்டக்டரம்மா, ஆமாம், உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு பாட்டிலைச் சரியாகப் பொருத்தினாள்.

பிள்ளைகளிடம் காலைப் பற்றிச் சொல்வதில்லை என்று இருவரும் காதும் காதும் வைத்தாற்போல் பேசிவைத்திருந்தார்கள். தெரிந்தால் அடுத்த மணியே வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மகனோ மருமகளோ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் கண்டக்டரம்மாவே எடுத்தாள். இன்றைக்கு இருபது, இன்றைக்கு இருபத்திரண்டு என்று கிலோமீட்டரை அள்ளிவிட்டாள். போன மாதம் நடந்ததைச் சொல்கிற மாதிரி அவ்வளவு சரளமாகப் பொய் வந்தது. டெய்லரம்மா பக்கத்தில் தலையை மட்டும் நீட்டி, ஆமாம், ரொம்ப அருமையான வழி என்பாள். காலுக்கு அடியில் இரண்டு தலையணையும் பையும் இருக்கும்.

மூன்று நாள் கழித்து வீக்கம் பாதியாக வடிந்தது. பத்தாம் நாள் விடிந்ததும், டீக்கடைக்காரர் கொடுத்த கோலை ஊன்றிக்கொண்டு டெய்லரம்மா மறுபடி பாதையில் இறங்கினாள். இப்போது யார் முன்னால் போவது என்ற பேச்சே இல்லை. டெய்லரம்மாவின் வேகம்தான் வேகம். கண்டக்டரம்மா அவளுடைய பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வலது பக்கமாகவே வந்தாள். சரளை வந்தால் முன்னால் போய்க் காலால் கல்லை ஒதுக்கிவிட்டாள். மணிக்கு ஒருமுறை உட்காரவைத்து, பட்டைத் துணி நழுவியிருக்கிறதா என்று பார்த்தாள். எப்போதிருந்து என்று இருவருக்குமே தெரியாது, சம்பந்தி என்பது போய் அக்கா என்றும் நீ என்றும் ஆகியிருந்தது.

அன்று மத்தியானம் அவர்கள் ஒரு மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு கார் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார்.

கண்டக்டரம்மா எழுந்து நின்றுவிட்டாள். மகனுக்கு எப்படித் தெரிந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

"ஏம்மா, நாலு நாளா தினம் இருபது கிலோமீட்டர் நடக்கிறீங்க. தினமும் உங்க பின்னாடி அதே கரும்பலகை, 'ஈரத் துணியை ஜன்னலில் போடாதீர்கள்'. ஊர் ஊரா ஒரே ஆளா எழுதிட்டுப் போறான்?"

மகனின் பார்வை டெய்லரம்மாவின் காலுக்குப் போனது. அவர் நல்ல பையன். கத்தவில்லை, கோபப்படவில்லை. அத்தை, இந்தக் காலோடு இதற்கு மேல் நடக்கக் கூடாது, உங்களுக்கு ஏதாவது ஆனால் உங்கள் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வேன், இரண்டு பேரும் காரில் ஏறுங்கள், அடுத்த வருடம் நானே அழைத்து வருகிறேன் என்று பொறுமையாகச் சொன்னார். கார்க் கதவையும் திறந்துவைத்தார். உள்ளே பஞ்சு மாதிரி மெத்தை இருக்கை. கால் அதைப் பார்த்ததுமே சபலப்பட்டது.

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் டெய்லரம்மா மாப்பிள்ளையிடம் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. வாங்க, சாப்பிடுங்க, போயிட்டு வாங்க, அவ்வளவுதான். கோலை ஊன்றி எழுந்தாள்.

"மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. நான் வரல. டாக்டர் பத்து கிலோமீட்டர் போலாம்னு சொல்லியிருக்காரு, அதுக்கு மேல ஒரு அடி வைக்க மாட்டேன். வலிச்சா உட்கார்ந்துடுவேன். உங்க அம்மா என்னைப் பார்த்துக்கறாங்க. என் கூடப்பிறந்தவங்ககூட இப்படிப் பார்த்ததில்ல. நான் அவங்களோட வந்தேன், அவங்களோடதான் போய்ச் சேருவேன்."

மாப்பிள்ளை திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தார்.

"என்னை ஏன்டா பார்க்கிற? அதான் சொல்லிட்டாளே" என்றாள் கண்டக்டரம்மா. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

அவர் என்ன நினைத்தாரோ, கார்க் கதவை மூடினார். மனைவிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். மகள் அம்மாவுக்கு ஒரு கால் மணி, மாமியாருக்கு ஒரு கால் மணி என்று பாரபட்சம் இல்லாமல் திட்டினாள். இருவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி முறைபோட்டு நின்று கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் ஒரு சமாதானம் ஆனது. பைகளைத் தினமும் அடுத்த தங்குமிடத்தில் இறக்கிவைக்க மாப்பிள்ளை ஒரு வண்டிக்காரரிடம் ஏற்பாடு செய்துவிட்டுப் போவது, தினமும் சாயங்காலம் கணுக்காலைப் படம் எடுத்து அனுப்புவது, கணுக்காலை மட்டும்தான், முகத்தைக் காட்டி ஏமாற்றுகிற வேலை எல்லாம் கூடாது. கிளம்புவதற்கு முன்னால் மாப்பிள்ளை அவர்களோடு ஒரு கிலோமீட்டர் நடந்தார். பிறகு காரை எடுக்க அதே ஒரு கிலோமீட்டரைத் திரும்பி நடந்தார்.

அதன்பிறகு பத்து நாள். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டு மூன்று கிலோமீட்டரோடு நிறுத்தினார்கள். ஒருநாள் வலி இல்லாமல் பதினொன்று நடந்துவிட்டு, டாக்டர் பேச்சை மீறிவிட்டோமே என்று மறுநாள் ஒன்பதோடு நின்றார்கள். அவர்களோடு கிளம்பியவர்கள் எல்லாம் கோயிலைப் பார்த்துவிட்டு எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பை வார் தைத்துக்கொண்ட பெண் அடையாளம் கண்டு ஓடிவந்து இரண்டு பேரையும் கட்டிக்கொண்டாள். வழியில் பேசாத பேச்சு இல்லை. தையல் கடையில் பட்டன் தைக்கும் பெண்கள் ஒவ்வொருத்தி கதையும் கண்டக்டரம்மாவுக்கு மனப்பாடம் ஆயிற்று. டெய்லரம்மாவுக்குப் பதினேழாம் நம்பர் பஸ் போகிற வழியில் எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார்கள் என்பதுவரை தெரிந்துபோயிற்று. தங்காமல் போன அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் யோசித்துவைத்திருந்ததைக் கண்டக்டரம்மா ஒருநாள் சொன்னாள். கணவனிடம்கூடச் சொன்னதில்லையாம். டெய்லரம்மா அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நல்ல பெயர் என்றாள்.

இருபதாம் நாள் காலை மலையடிவாரம். நானூற்றுச் சொச்சம் படி. நல்ல காலை முதலில் வைத்து, கோலையும் கெட்ட காலையும் பின்னால் இழுத்து, ஒவ்வொரு படியாக ஏற இரண்டு மணி நேரம் ஆனது. உச்சியில் அன்று கூட்டமே இல்லை. கோயிலுக்குள் இரண்டு பேரும் தனித்தனியாகக் கண்ணை மூடி நின்றார்கள். என்ன சொன்னார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் கண்டக்டரம்மா போனை எடுத்தாள்.

"உன் பொண்ணுகிட்ட அந்த வார்த்தையைச் சொல்லப்போறேன்."

"வேண்டாம்க்கா. தெரியாதது தெரியாமலே இருக்கட்டும்" என்றாள் டெய்லரம்மா. நடுவில் இரண்டு தடவை அவர்களுக்குள் இந்தப் பேச்சு வந்து, முடிவில்லாமல் நின்றிருந்தது. இந்த முறை கண்டக்டரம்மா பதில் சொல்லாமல் மதில் ஓரமாக நடந்துபோனாள். டெய்லரம்மாவுக்கு அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு நிமிர்ந்திருந்தது, அப்புறம் வளைந்தது, அப்புறம் ஒரு கை மதிலைப் பிடித்துக்கொண்டது. வெகுநேரம் அப்படியே நின்றது.

திரும்பி வந்த கண்டக்டரம்மாவின் முகத்தைப் பார்த்து டெய்லரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன சொன்னா?"

"தெரியுமாம். அன்னிக்கு ரூம் கதவு திறந்துதான் இருந்துச்சாம். நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தாளாம்."

டெய்லரம்மா அப்படியே கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். தான் பொத்திப் பொத்திவைத்ததை மகளும் பொத்திவைத்திருக்கிறாள், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று.

"ஒரு வருஷம் என் மேல அவ்வளவு வெறுப்பா இருந்துச்சாம். வாய் விட்டே சொன்னா. அப்புறம் குழந்தைக்கு ஜுரம் வந்தப்போ நான் நாலு ராத்திரி தூங்காம மடியில வச்சிருந்தேனாம், அதுல கொஞ்சம் குறைஞ்சுதாம். மீதி இருக்கு அத்தை, நீங்க வாங்க, வந்து நேர்ல சொல்லுங்கன்னா." கண்டக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழுதா. நானும் அழுதேன். நடுவுல உன் பேத்தி போனைப் பிடுங்கி, நாய்க்குட்டி வாங்கிட்டு வாங்கன்னுட்டு வச்சிருச்சு."

வெயில் ஏறத் தொடங்கியது. இருவரும் பையில் இருந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படியின் விளிம்பில் வந்து நின்று கீழே பார்த்ததும் டெய்லரம்மாவுக்குத் தலை கிறுகிறுத்தது.

கண்டக்டரம்மா கோலை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு ஒரு படி கீழே இறங்கி முதுகைக் காட்டி நின்றாள்.

"ரெண்டு கையையும் என் தோள்ல வை. பாரத்தை நல்லா போடு, நான் தாங்குவேன். அவசரமே இல்ல."

டெய்லரம்மா கைகளை வைத்தாள். முதலில் பட்டும் படாமலும்தான் வைத்தாள். பத்துப் படி இறங்கியபின் நன்றாகவே சாய்ந்துகொண்டாள். மேலே ஏறி வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் ஒதுங்கி வழிவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் அக்கா தங்கச்சியா என்று அதில் ஒரு அம்மா கேட்டாள். கண்டக்டரம்மா எண்ணிக்கொண்டிருந்த படிக்கணக்கு தவறிவிட்ட எரிச்சலில், இல்லை, சம்பந்தி என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குக் காலை வைத்தாள்.